ஊழியமும் வீடும்: டீச்சரம்மாவிடம் கேளுங்கள்

பாளையங்கோட்டைப் பக்கத்துச் சேகரம் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின் வட்டாரம்) ஒன்றில் பல காலம் ஓய்வுநாள் பள்ளியை நடத்திய டீச்சரம்மா, சபை மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

டீச்சர், ஸ்தோத்திரம். நான் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து ஞாயிறு காலையில் நேரே ஓய்வுநாள் பள்ளிக்கு வருகிறேன். அப்புறம் பாடகர் குழு, சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம். "அம்மா, இன்னைக்காவது வீட்டுல இருப்பியா?" என்று மகன் கேட்கிறான். எதையாவது விட்டால் ஆண்டவருக்கு விரோதமாகிவிடுமோ என்று பயம்.

ஆகாதும்மா. வேதாகமத்தில் யாத்திராகமம் 18-ஐ எடுத்துப் படியுங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜனங்களுக்கு நியாயம் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயிடம், நீர் செய்வது நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று மாமனார் எத்திரோ சொன்னார். பத்துப் பேருக்கு ஒருவர் என்கிற அளவுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். அவர் மோசேயின் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்த பயணம் அது. பிரசங்கங்களில் அந்த விவரம் அதிகம் வருவதில்லை.

நைட் டியூட்டிக்கு மறுநாள் வகுப்பு எடுக்காதீர்கள். கல்லூரிக்குப் போகிற பிள்ளை ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் அவள் வருகைப் பதிவேடு எழுதட்டும், மனப்பாட வசனம் கேட்கட்டும். அடுத்த மாதம் கதை சொல்லட்டும். நோவாவின் பேழையில் சிங்கம் முதலில் வந்ததா, யானை முதலில் வந்ததா என்று பிள்ளைகள் மடக்குவார்கள், அவள் திணறுவாள். நீங்கள் குறுக்கே போகாமல் பின் பெஞ்சில் இருங்கள். அதற்கு அடுத்த மாதம் வகுப்பு அவளுடையது. பாடகர் குழுவா, ஜெபக்கூட்டமா என்பதை வீட்டுக்காரரையும் மகனையும் வைத்துப் பேசி முடிவெடுங்கள்.

டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸில் கீபோர்டு நான்தான். விடிய விடியப் போய்விட்டு அப்படியே பைக்கில் வேலைக்குப் போகிறேன்.

தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டாதீர்கள் தம்பி. தெருக்களை இரண்டு குழுவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கீபோர்டு இல்லாத தெருவில் கைத்தட்டிப் பாடினால் போதும்.

எனக்கு ஊர் இடையன்குடிப் பக்கம். மாமியார் படுத்த படுக்கை. பெண்கள் ஐக்கிய சங்கப் பொறுப்பை விட்டுவிட்டேன். "பின்வாங்கிப் போயிட்டா" என்று பேசுகிறார்கள், அக்கா.

இதைப் படித்ததும் மனசு கொதித்தது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7-இல் இருக்கிறது. கஞ்சி ஊட்டி, புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கிற நீங்கள் எதிலிருந்து பின்வாங்கினீர்கள்? பேசுகிறவர்களை ஒரு சாயங்காலம் மாமியாரிடம் வந்து உட்காரச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் கொஞ்சம் தூங்குங்கள்.

சபைக் கமிட்டியில் இருக்கிறேன். அசனம் (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து), கன்வென்ஷன், கட்டடவேலை என்று எல்லாம் அதே நாலு பேர் தலையில். ஐயரிடம், அதாவது எங்கள் போதகரிடம், எப்படிச் சொல்வது?

அசனத்தன்று ஒரே ஆள் உலை வைத்து, வடித்து, பரிமாறினால் பந்தி முடியுமா? ராத்திரி முழுக்கப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்குகிறார்கள், இளவட்டங்கள் வாளி தூக்குகிறார்கள். சபை வேலையும் அப்படித்தான் ஓட வேண்டும். 1903-இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். ஏழை வீடுகளும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து ஊழியத்தைத் தாங்கிய மண் இது.

ஞாயிறு ஆராதனை முடிந்த கூட்டத்தில் ஐயரிடம் இதைப் பேசாதீர்கள். வாரநாளில் போய், எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று எழுதிக் கொடுங்கள். பொறுப்பு எந்த மாதத்தோடு முடிகிறது என்பதையும் மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். முடிகிற தேதி தெரிந்தால் புதிய ஆட்கள் துணிந்து வருவார்கள்.

ஜெபிக்க உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது. விசுவாசம் குறைந்துவிட்டதா?

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், அதுவும் இரண்டு தடவை. நீங்களும் முதலில் தூங்குங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ, உபவாச ஜெபத்தோடு நிறுத்திவிடாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்நேரமும் போன் பண்ணலாம், இலவசம். ஐயரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஐயரம்மாவிடம் சொல்லுங்கள்.