கடை கியூஆர் கோடில் சூதாட்டப் பணம் வாங்கினால் என்ன ஆகும்?

கேள்வி: வீரவநல்லூரில் ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன் சார். வயது 31. சேரன்மகாதேவியில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், ‘ஆன்லைன் கேம் ஆடுகிறவர்களுக்குப் புது பேமென்ட் சர்வீஸ்’ என்று சொல்லி டெலிகிராம் குழு ஒன்றில் சேர்த்துவிட்டான். ஆடுகிறவர்கள் என் கடை கியூஆர் கோடுக்குப் பணம் அனுப்புவார்கள். குழுவில் சொல்கிற கணக்குக்கு அதை நான் மாற்றிவிட வேண்டும். நூற்றுக்கு 2 ரூபாய் கமிஷன். 11 நாளில் 3,40,000 ரூபாய் வந்து போனது, 6,800 ரூபாய் எனக்குக் கிடைத்தது. இப்போது நெட்பேங்கிங் பாஸ்வேர்டையும் கணக்கோடு சேர்த்த சிம் கார்டையும் கொடுத்தால் கமிஷனை 4 ரூபாய் ஆக்குகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் தம்பி. இப்போது செய்துகொண்டிருப்பதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கணக்கு முடங்கிப்போய், சரக்கு எடுக்கக் காசில்லாமல் கவுன்டர் முன்னால் வந்து நின்ற கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படி நிற்கக் கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அவ்வளவு பணம் புரள்கிற சூதாட்டக் கம்பெனிக்கு உங்கள் ஜெராக்ஸ் கடை கியூஆர் எதற்கு? அவர்கள் பெயரில் வாங்க முடியாது, அதுதான் காரணம். ஒவ்வொரு வியாபாரத்துக்கும் பணப் பரிமாற்றத்தில் ஒரு குறியீட்டு எண் உண்டு. சூதாட்டத்துக்கு 7995. அந்த எண்ணோடு இங்கே எந்த வங்கியும் அவர்களுக்குக் கணக்குத் தராது. அதனால் உங்களைப் போன்றவர்களின் கியூஆர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஆடுகிறவர் ‘டெபாசிட்’ அழுத்தும்போது ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். அவர் பணம் அனுப்பிவிட்டு 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைப் பதிவு செய்வார். உங்களிடம் வந்த பணம் சில நிமிஷத்தில் அடுத்த கணக்குக்குப் போகும், அங்கிருந்து இன்னொன்றுக்கு. கடைசியில் பெரும்பாலும் கிரிப்டோவாகி நாடு தாண்டிவிடும். ‘புது சர்வீஸ்’ என்று அவர்கள் சொல்வது உங்கள் பாஸ்புக்கைத்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வருகிற பணம் எல்லாம் ரம்மி ஆடுகிறவர் பணம்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பகுதி நேர வேலை, ஷேர் மார்க்கெட் டிப்ஸ், போலீஸ் போல வீடியோ காலில் மிரட்டும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஏமாற்றிப் பறித்த பணமும் இதே வாய்க்காலில்தான் ஓடுகிறது. வேறு மாநிலத்தில் ஓர் ஓய்வூதியர் 50,000 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்கிறார் என்று வையுங்கள். பணம் போன பாதையை வங்கிகள் அடுக்கடுக்காகத் தேடிக்கொண்டு வரும். முதல் அடுக்கில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் கடை, உங்கள் பான் எண். டெலிகிராம் ஆள் எந்த அடுக்கிலும் இருக்க மாட்டான். உங்கள் கணக்கில் ‘லீன்’ விழும், அதாவது அந்தத் தொகையை எடுக்க முடியாதபடி வங்கி நிறுத்திவைக்கும், சில நேரம் முழுக் கணக்கும் முடங்கும். எங்கோ இருக்கிற ஒரு காவல் நிலையத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. ஆடுகிறவருக்கு அதில் தண்டனை இல்லை. பணப் பரிமாற்றத்துக்கு உதவுகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். அதுவும் ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2006-இல் சூதாட்டத் தளங்களுக்குப் பணம் போகும் வழியை அடைத்துச் சட்டம் வந்தது. உடனே இடைத்தரகர்கள் முளைத்தார்கள். நகைக் கடை, கோல்ஃப் பந்து விற்கும் கடை என்று பொய்ப் பெயர்களில் போக்கர் என்ற சீட்டாட்டப் பணத்தை வங்கிகளில் புகுத்தியதாக 2011 ஏப்ரலில் வழக்குப் பாய்ந்தது. அதில் சிக்கிய ஃபுல் டில்ட் என்ற தளத்தில் பணம் போட்டிருந்த அமெரிக்கர்களுக்கு அது திரும்பி வரத் தொடங்கியது 2014-இல்தான்.

சரி, இப்போது என்ன செய்வது? டெலிகிராம் உரையாடல் முழுவதையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குழுவை விட்டு வெளியேறுவது அதற்கு அப்புறம்தான். அந்தப் பக்கம் இருப்பவர் நினைத்தால் உங்கள் போனிலிருந்தும் உரையாடலை அழிக்க முடியும். நீங்கள் யாருக்காக வாங்கினீர்கள், யார் சொல்லி அனுப்பினீர்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான். எஸ்எம்எஸ் பார்ப்பதற்கு என்று ஏதாவது ஏபிகே (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) அனுப்பி ஏற்றச் சொன்னார்களா? ஏற்றியிருந்தால், அதையும் படம் எடுத்துக்கொண்டு நீக்குங்கள். நீக்கிய பிறகு பாஸ்வேர்டையும் யுபிஐ பின்னையும் மாற்றுங்கள்.

தெரியாதவர் பணம் கணக்கில் மிச்சம் இருந்தால் தொடாதீர்கள். ‘தப்பாக வந்துவிட்டது, திருப்பி அனுப்பு’ என்று குழுவில் மிரட்டினாலும் அனுப்பாதீர்கள். அந்த 6,800 ரூபாயையும் செலவழிக்காமல் ஒதுக்கி வையுங்கள்.

அடுத்தது வழக்கறிஞர். வங்கிக்கோ போலீசுக்கோ போகும் முன் ஒருவரைப் பாருங்கள், ஏனென்றால் நீங்களும் இதில் ஓர் ஆள். கட்டணம் கொடுக்க முடியாது என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணில் கேளுங்கள். வருமான வரம்புக்குள் வந்தால் இலவசமாகவே வழக்கறிஞர் கிடைப்பார். அவரை வைத்துக்கொண்டு நடந்ததை நடந்தபடி எழுதி வங்கிக் கிளையில் கொடுங்கள், பழைய கியூஆரை முடக்கச் சொல்லுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் தரும் மனுவும் அதே விவரத்தோடு இருக்கட்டும். நாமாகப் போய்ச் சொல்வதற்கும் அவர்கள் தேடி வந்த பிறகு சொல்வதற்கும் ரொம்ப வித்தியாசம் உண்டு. இதற்குள் கணக்கு முடங்கிவிட்டால், புகாருக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கும்படி கேட்கலாம். நீதிமன்றங்கள் அப்படி உத்தரவிட்டிருக்கின்றன.

போகும்போது அந்தச் சேரன்மகாதேவிப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் மேல் கோபம் இருக்கும். ஆனால் அவன் கணக்கையும் இதே மாதிரி கொடுத்திருப்பான், பாஸ்வேர்டும் சிம்மும்கூட அனேகமாகக் கைமாறியிருக்கும்.