வந்தியத்தேவன் பொய் சொல்கிறானே?

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ‘எனக்குப் பிடித்த கதாபாத்திரம்’ பற்றி எழுதச் சொன்னேன். பாதிப் பேர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வரும் வந்தியத்தேவனை எழுதி வந்தார்கள். போகிற இடமெல்லாம் பொய் சொல்கிறான், ஒட்டுக் கேட்கிறான். அவனிடம் பின்பற்ற என்ன இருக்கிறது? அதே நாவலின் இளவரசர் அருள்மொழிவர்மனையோ அவர் அக்கா குந்தவையையோ எழுதி வரச் சொல்லிக் கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். செய்தது சரிதானே?
— ஓர் ஆசிரியை, கும்பகோணம்

பதில்: சரியில்லை, டீச்சர். அந்தக் கட்டுரைகளைத் திரும்ப வாங்கி மதிப்பெண் போடுங்கள். யாரைப் பிடிக்கும் என்று கேட்டுவிட்டு, யாரைப் பிடிக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்தால், அடுத்த தடவை பிள்ளைகள் உங்களுக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள்.

வந்தியத்தேவன் பொய் சொல்கிறான், உண்மை. எதற்காகச் சொல்கிறான் என்று பார்த்தீர்களா? தஞ்சைக் கோட்டைக்குள் சோழச் சக்கரவர்த்தி சுந்தர சோழர் நோயில் படுத்திருக்கிறார். அவரைச் சுற்றிச் சிற்றரசர்களான பழுவேட்டரையர் சகோதரர்களின் காவல். அவருடைய மூத்த மகன் ஆதித்த கரிகாலனின் ஓலையைக் கொடுக்கிற சாக்கில், ‘இங்கே அபாயம்’ என்று சக்கரவர்த்தியிடம் அவசரமாகச் சொல்லிவிடுகிறான். சின்னப் பழுவேட்டரையர் காதில் அது அரைகுறையாக விழுகிறது. என்ன சொன்னாய் என்று அதட்டுகிறார். ‘அபயம்’ என்று சொன்னேன் என்கிறான். ஒரு பொய்தான். தன் உயிரையும் ஏற்றுக்கொண்ட வேலையையும் சேர்த்துக் காப்பாற்றிய பொய். அங்கே உண்மை பேசியிருந்தால் நேரே பாதாளச் சிறை. யாருக்கு என்ன லாபம்? நாவல் முழுக்கத் தேடிப் பாருங்கள், தனக்குப் பொன்னோ பதவியோ கிடைக்கட்டும் என்று அவன் ஒரு பொய்கூடச் சொல்வதில்லை. குந்தவையும் ரகசியத் தூது அனுப்புகிறவர்தான். அவனுடைய பொய்களில் பல அவர் காரியத்துக்காகச் சொன்னவை. அவரை எழுதலாம், இவனை எழுதக் கூடாது என்றால் என்ன நியாயம்?

எனக்கு வந்தியத்தேவனைப் பிடித்துப்போனது கந்தமாறன் விஷயத்தில். நிலவறைச் சுரங்கப் பாதையில் கத்திக்குத்துப்பட்டுக் கிடக்கும் நண்பனைத் தூக்கிக்கொண்டு போய் சேந்தன் அமுதன் வீட்டில் சேர்க்கிறான். தன்னைத் தேடிப் பழுவேட்டரையர் ஆட்கள் அலைகிற நேரம் அது. விட்டுவிட்டு ஓடியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. பிழைத்து எழுந்த கந்தமாறனோ, முதுகில் குத்தியதே இவன்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். வந்தியத்தேவனுக்குக் கோபம் வருகிறது, வருத்தமும் வருகிறது. ஆனால் பழிவாங்க ஒரு திட்டமும் போடவில்லை. தன் வழியில் போய்க்கொண்டே இருக்கிறான். நல்லது செய்து கெட்ட பெயர் வாங்குகிற அனுபவம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் உண்டு. பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு உதவப் போய் அடி வாங்கிய பிள்ளை இந்த இடத்தை எப்படிப் படித்திருக்கும் என்று யோசியுங்கள்.

அவன் குறைகளையும் நான் மறைக்கப்போவதில்லை. வாய்த்துடுக்கு உண்டு, அவசரபுத்தி உண்டு. அதைவிடப் பெரியது, ஒப்படைத்த வேலைகளிலேயே மிக முக்கியமானதில் தோற்றுப்போகிறான். கரிகாலன் கடம்பூருக்குப் போய்விடாமல் தடுக்க வேண்டும் என்று குந்தவை அவனை அனுப்புகிறார். முடியவில்லை. கரிகாலன் கடம்பூர் மாளிகையில் இறக்கிறான், கொலைப் பழி இவன் தலையில் விழுகிறது. இத்தனைக்கும் கல்கியை யாரும் கட்டிப் போடவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவைப் பிராட்டியாரின் கணவர் என்ற அளவில் வரும் பெயர்தான் வல்லவரையர் வந்தியதேவர். மற்றபடி நாம் பார்க்கிற ஆள் ஏறக்குறைய முழுவதும் கல்கியின் கற்பனை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியவர், நினைத்திருந்தால் ஒரு குறையும் இல்லாத வீரனைக் கொடுத்திருக்கலாம். பசிக்கிற, பயப்படுகிற, தோற்கிற ஒருவனைத்தான் கொடுத்தார். அதனால்தான் இத்தனை தலைமுறை கடந்தும் பிள்ளைகள் அவனைத் தேடிப் போகிறார்கள்.

அருள்மொழிவர்மனை நான் மட்டம் தட்டவில்லை. கைக்கு வந்த மகுடத்தை இன்னொருவர் தலையில் வைப்பது சாதாரண காரியமா! சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை அரசு வேண்டாம் என்று அவர் விலகி நின்றதைச் சோழர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடே பேசுகிறது. ஆனால் விட்டுக்கொடுக்க ஒரு மகுடம் வேண்டும். உங்கள் வகுப்பில் யாரிடமும் அது இல்லை. ஏற்றுக்கொண்ட வேலையை விடாமல் செய்வது, காட்டிக்கொடுக்காமல் இருப்பது, இதெல்லாம் யாருக்கும் கைகூடும்.

பொய்யே ஆகாது என்கிற பிள்ளை இருந்தால், அதற்கும் கல்கியிடம் ஆள் உண்டு. சேந்தன் அமுதனைக் காட்டுங்கள். பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, வாய் பேசாத தாயோடு குடிசையில் இருப்பவன். முன்பின் தெரியாத வந்தியத்தேவனுக்குத் தங்க இடம் கொடுக்கிறான். அதற்காகத் தங்கச்சாலைப் பாதாளச் சிறைக்கும் போகிறான், நண்பனைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாள் இல்லை, சாதுரியமான பேச்சு இல்லை, ஆனால் துணிச்சலில் வந்தியத்தேவனுக்கு ஒரு படியும் குறைந்தவன் இல்லை. அமைதியான பிள்ளைகள் அவனை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். உங்கள் வகுப்பில் ஒருவரும் அவனை எழுதவில்லை என்றால் அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்புறம் ஒன்று. அடுத்த முறை தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். அவரிடம் என்னென்ன நல்ல குணங்கள் என்று கேட்டால் வீரம், அன்பு, நேர்மை என்று பட்டியல்தான் வரும். கதையில் எந்த இடத்தில் அவரைப் பிடிக்க ஆரம்பித்தது என்று கேளுங்கள். கந்தமாறனைத் தூக்கிக்கொண்டு போன இடத்தை ஒரு பிள்ளையாவது எழுதும் என்று நம்புகிறேன். அந்தக் கட்டுரையை எங்களுக்கு அனுப்பி வையுங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.