பையன் கம்யூனிட்டி காலேஜ் போகிறேன் என்கிறான்

கேள்வி: என் மகன் இந்த ஜூனில் ஹைஸ்கூல் முடித்தான். கேட்ட யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகம் எதிலும் இடம் கிடைக்கவில்லை. ஒரு தனியார் கல்லூரியில் கிடைத்திருக்கிறது, ஆனால் பெரிய கடன் வாங்க வேண்டும். அவனோ கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் படிப்புத் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரியில், படித்துவிட்டு யூசிக்கு மாறிக்கொள்கிறேன் என்கிறான். அவன் அப்பாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. ஒரு வாரமாக வீட்டில் பேச்சே இல்லை. ஊரிலிருந்து மாமியார் கேட்கும்போதெல்லாம் ‘இன்னும் முடிவாகவில்லை’ என்று சமாளிக்கிறேன். பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.
- ஓர் அம்மா, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொல்வது நல்ல யோசனை. பதினெட்டு வயதில் கடனைப் பற்றி யோசிக்கிற பிள்ளை உங்களுக்கு வாய்த்திருக்கிறான். முதலில் அதற்குச் சந்தோஷப்படுங்கள்.

நானும் கம்யூனிட்டி காலேஜில் படித்தவள்தான். கல்யாணமாகி டிபெண்டன்ட் விசாவில் வந்து, இரண்டு வருடம் வீட்டிலேயே இருந்தேன். அப்புறம் ஒரு நாள் துணிந்து மாலை நேரக் கணக்கு வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பஸ் டிரைவர், யூனிஃபார்மோடு வருவார். மகள் அல்ஜீப்ரா கேட்கிறாள், சொல்லித்தரத் தெரியவில்லை, அதனால் வந்தேன் என்றார். முன்வரிசையில் அறுபது வயதுப் பாட்டி. அவருக்குப் பக்கத்தில் உங்கள் மகன் வயதில் ஒரு பையன். முதல் தேர்வில் எனக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று. தாளை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பியவளை ஆசிரியை கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒரு கணக்கின் நடுவில் பென்சிலால் கோடு போட்டு, “இதுவரைக்கும் சரி. தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது” என்றார். பள்ளியிலும் கல்லூரியிலுமாகப் பதினைந்து வருடம் படித்த எனக்கு யாரும் அப்படிக் காட்டித்தந்ததில்லை. தப்பென்றால் முழுக்கத் தப்பு என்றுதான் பழகியிருந்தேன். இன்று நான் பார்க்கும் கணக்கு வேலை அந்தக் கோட்டிலிருந்து தொடங்கியது.

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. ஹைஸ்கூல் முடித்தவர் யாராக இருந்தாலும் சேரலாம், எஸ்ஏடி நுழைவுத்தேர்வு மதிப்பெண் கேட்பதில்லை. பாடங்களின் அளவை யூனிட் என்று கணக்கிடுகிறார்கள்; மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான். வருடத்துக்கு 30 யூனிட் எடுத்தாலும் 1,380 டாலர் ஆகிறது. யூசியில் கல்விக் கட்டணம் மட்டுமே 14,000 டாலரைத் தாண்டும். முதல்முறையாகச் சேர்ந்து முழுநேரம் படிப்பவர்களுக்கு முதல் இரண்டு வருடக் கட்டணத்தையே தள்ளுபடி செய்யும் கல்லூரிகளும் நிறைய. உங்கள் ஊர் ஓலோனி கல்லூரியில் அது உண்டா என்று பையனையே விசாரிக்கச் சொல்லுங்கள்.

யூசிக்கு மாறி வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தக் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள்தான். டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ‘டேக்’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. சொன்ன பாடங்களைச் சொன்ன மதிப்பெண்ணோடு முடித்தால் இடம் உறுதி. பெர்க்லிக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் அது கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குச் சில வளாகங்கள் அந்த உறுதியைத் தருவதில்லை. கடைசியில் கையில் வரும் பட்டம் யூசி பட்டம்தான்.

உங்கள் கணவரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மாற வேண்டும் என்று வருகிறவர்களில் ஐந்தில் ஒருவர்தான் நான்கு வருடத்துக்குள் மாறுகிறார் என்று மாநிலத் தணிக்கைத் துறையே 2024-ல் சொன்னது. வேலை, குடும்பம், பணமுடை என்று காரணங்கள் பல. ஆனால் எந்தப் பாடம் எங்கே செல்லுபடியாகும் என்று தெரியாமல் கண்டதை எடுத்து வருடத்தைத் தொலைப்பதும் நிறைய நடக்கிறது. அதை உங்கள் வீட்டில் தடுக்க முடியும். ‘அசிஸ்ட் டாட் ஆர்க்’ தளத்தில், இந்தக் கல்லூரியின் இந்தப் பாடம் அந்த யூசியில் எதற்கு ஈடு என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அப்பாவும் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது அதைத்தான். ஒரு வாரமாகப் பேசாதவர்களுக்குப் பேச ஒரு விஷயமும் கிடைக்கும். முதல் மாதமே கல்லூரியின் படிப்பு ஆலோசகரான கவுன்சிலரைப் பார்த்து இரண்டு வருடத்துக்கும் திட்டம் போட்டுக்கொள்ளட்டும். டேக் விண்ணப்பத்துக்கு, மாறப்போவதற்கு முந்தைய வருடம் செப்டம்பர் 30 கடைசி நாள். காலண்டரில் இப்போதே வட்டம் போடுங்கள்.

அங்கே போனால் பையன் வளர மாட்டான் என்று உங்கள் கணவர் நினைத்தால், ஐலீன் காலின்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். வசதியில்லாத வீட்டுப் பெண். நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்ற சிற்றூரின் கம்யூனிட்டி காலேஜில் 1976-ல் படிப்பை முடித்து, பிறகு பல்கலைக்கழகம் போனார். 1999-ல் கொலம்பியா விண்கலத்துக்குத் தலைமை தாங்கிப் பறந்தார். விண்கலப் பயணத்தை நடத்திய முதல் பெண் அவர்தான்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சமாளிக்கச் சமாளிக்க, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகப் பிள்ளை நினைத்துக்கொள்வான். எனக்கு அதுதான் கவலை. பக்கத்து அறையில் இருந்தாலும் நீங்கள் ஃபோனில் சொல்வது அவன் காதில் விழும். இந்த ஞாயிறு பாட்டி கூப்பிடும்போது ஃபோனை அவனிடமே கொடுங்கள். எந்தக் கல்லூரி, என்ன பாடம், எப்போது வகுப்பு தொடங்குகிறது என்று அவனே சொல்லட்டும்.