பிளட் பவுலில் எல்ஃப் அணி ஓர்க் அணியை வெல்வது பகடையின் தயவால்தானா?

பிளட் பவுல் என்பது வேகமான எல்ஃப், முரட்டு ஓர்க் போன்ற கற்பனை இனங்களின் அணிகள் ஒரு பந்துக்காக மோதும், பலகையில் பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. அதில் எல்ஃப் வெல்வது அதிர்ஷ்டத்தால்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓர்க் அணியிடம் அண்மையில் தோற்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்; அல்லது ஓர்க் அணியை ஆடும் நண்பர் ஒருவர் எல்ஃபிடம் தோற்றுவிட்டுப் பகடையைப் பழித்திருக்க வேண்டும். இதே பேச்சைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவதால் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

ஜெர்விஸ் ஜான்சன் வடிவமைத்து, கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1986-இல் வெளியிட்ட இந்த விளையாட்டில், ஒரு வீரன் நிலைதடுமாறி விழுந்தாலோ பந்தைக் கோட்டைவிட்டாலோ அந்த அணியின் முறை அப்போதே முடிந்துவிடும். இதற்கு டர்ன்ஓவர் என்று பெயர். எனவே பகடை உருட்டத் தேவையில்லாத நகர்வுகளையெல்லாம் முதலில் முடித்துவிட்டு, ஆபத்தானதைக் கடைசிக்கு வைப்பவருக்கே ஆட்டம் கைகூடும். ஒட்டி நிற்கும் எதிரியிடமிருந்து எல்ஃப் வீரன், பக்கத்தில் வேறு எதிரி இல்லாத வெற்றுக் கட்டத்துக்கு விலகி ஓட, ஆறுமுகப் பகடையில் 2 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும் என்பது உண்மையே. ஆனால் ரீ-ரோல் (பகடையை மீண்டும் உருட்டும் வாய்ப்பு) இல்லாமல் அப்படி ஐந்து முறை தொடர்ந்து விலகினால், ஐந்தும் பலிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 40 மட்டுமே. இந்தக் கணக்கைப் பாராமல் ஓடுகிறவர்கள்தான் அதிர்ஷ்டத்தை நம்பி ஆடுகிறார்கள்.

நான் சொல்ல வந்த ஆட்டம் 2016 பதிப்பின் விதிகளின்படி நடந்தது. என்னுடையது எல்ஃப் வகைகளுள் ஒன்றான வுட் எல்ஃப் அணி; எதிராளியுடையது ஓர்க் அணி. முதல் பாதியில் நான் விரைவாக ஒரு டச்டவுன் (பந்துடன் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடப்பது) போட்டேன். எதிராளி அந்தப் பாதியின் கடைசி முறையான எட்டாவது முறை வரை நிதானமாக நகர்த்திச் சமன் செய்தார். விழுந்த வுட் எல்ஃபின் கவசம் உடைந்து காயப்பட வாய்ப்பு உண்டாவதற்கு இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 8 ஆனால் போதும். ஓர்க்குக்கோ 10 வேண்டும். அதனால் இரண்டாம் பாதியின் ஆறாவது முறையில் மைதானத்தில் எனக்கு எஞ்சியவர்கள் ஏழு பேரே.

பந்து பிளிட்சர் எனப்படும் ஓர்க் தாக்குதல் வீரனிடம் இருந்தது. அவனுடைய நான்கு மூலைகளிலும் ஆட்களை நிறுத்திக் கூண்டு கட்டி, நடுக்கோடு வரை வந்திருந்தார்கள். முன்மூலைகள் இரண்டிலும் வலிமை 4 உள்ள பிளாக் ஓர்க்குகள். நான் முதலில் லைன்மேன் எனப்படும் என் சாதாரண வீரர் இருவரை அந்த இரண்டு மூலைகளை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினேன். இதற்குப் பகடையே தேவைப்படவில்லை. ஆனால் அவர்கள் ஒட்டி நின்றதனால் அந்தப் பிளாக் ஓர்க்குகள் பிளிட்சருக்குத் துணை நிற்க இயலாமல் போயிற்று. வலிமைக் கணக்கில் மோதல் 3-க்கு 3 என்று சமமாயிற்று. அதன் பிறகே, எதிரிகளைத் தாண்டித் தாவும் திறனுள்ள வார்டான்சர் என்ற என் வீரனைக் கூண்டுக்குள் தாவவைத்தேன். தாவலுக்கு 3 அல்லது அதற்கு மேல் வேண்டும். அவனிடம் ஸ்ட்ரிப் பால் திறன் இருந்ததால், எதிரியைத் தள்ளினாலே பந்து விழுந்துவிடும்; ஆகவே மோதலின் முடிவைச் சொல்லும் பிளாக் பகடையின் ஆறு முகங்களில் நான்கு எனக்குச் சாதகம். கையில் வைத்திருந்த ஒரு ரீ-ரோலையும் சேர்த்துக் கணக்கிட்டால், பந்து விழும் வாய்ப்பு 27-க்கு 20, அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு 74. தாவல் முதல் உருட்டிலேயே பலித்தது. பிளாக் பகடையில் மண்டையோடு (தாக்குபவனே விழும் முகம்) விழ, ரீ-ரோல் செய்ததில் தள்ளல் வந்தது.

பந்து எந்தத் திசையில் துள்ளும் என்பதைப் பகடைதான் தீர்மானித்தது. அது அதிர்ஷ்டம்தான், யாரும் அதைச் சுட்டிக்காட்டுமுன் நானே ஒப்புக்கொள்கிறேன். கூண்டின் ஓரத்துக்கு வந்த பந்தை எடுக்க, பக்கத்தில் ஓர் ஓர்க் நின்றதால், கேட்சர் எனப்படும் என் பந்து பிடிக்கும் வீரனுக்கு 3 தேவைப்பட்டது, 5 விழுந்தது. அவன் விலகி ஓடி, அடுத்த முறையில் எல்லைக்கோட்டைக் கடந்தான். எதிராளிக்கு எஞ்சியது ஒரே முறை. 2-1 என்று ஆட்டம் முடிந்தது.

ஆட்டம் முடிந்ததும் எதிராளி, எங்கள் குழுவை நடத்துபவரிடம் “பகடை கொடுத்த வெற்றி” என்று சொல்ல, அவரும் தலையசைத்து, அடுத்த பருவத்தில் தாவலைத் தடைசெய்யலாமா என்று யோசித்தார். அது எனக்கு இன்றும் வருத்தம். ஓர்க் அணி ஓர் எல்ஃபை வீழ்த்திக் காயப்படுத்தும்போது அதற்குத் திறமை என்று பெயர்; எல்ஃப் தாவிப் பந்தைப் பறித்தால் மட்டும் அதிர்ஷ்டமா? எதிராளி ஆடிய விதத்தை நான் குறைகூறவில்லை; அவருடைய கூண்டில் பிழையே இல்லை. 2020 பதிப்பில் சுற்றி நிற்கும் எதிரிகளையும் கணக்கில் சேர்த்துத் தாவலைக் கடினமாக்கிவிட்டார்கள் என்பதையும் அறிவேன். அந்த விதிகளின்படி ஆடுகிறீர்கள் என்றால், தாவலை நம்பாமல், கூண்டுக்கு முன்னால் இரண்டு கட்டம் தள்ளி ஆட்களை நிறுத்தி அதன் வேகத்தைக் குறையுங்கள். முன்மூலைகளை ஒட்டி நிற்கும் வேலையை மட்டும் எந்தப் பதிப்பிலும் விட்டுவிடாதீர்கள்.