மூன்று நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுப்பதில்லை: கரண்ட் எங்கே போகிறது?

கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில இருக்கறோங்க. டீசல் காரு, 60 ஆம்ப்-அவர் பேட்டரி. வாரத்துக்கு ரெண்டு தடவை டவுனுக்கு 7 கிலோமீட்டர் போய்ட்டு வருவோம். மாசம் ஒருக்கா கோயமுத்தூர். மூணு நாள் சேர்ந்தாப்பல நிறுத்திட்டா செல்ஃப் எடுக்கறதில்லைங்க. பேட்டரி மாத்தி அஞ்சு மாசந்தான் ஆச்சு. கடையில செக் பண்ணி நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க. போன வருஷம் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டோம், டேஷ்கேமும் இருக்குது. மறுபடியும் பேட்டரியை மாத்தறதா, ஆல்டர்னேட்டரைப் பாக்கறதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டீசல் இஞ்சினைச் சுற்ற வைக்கப் பாதிச் சார்ஜாவது வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-இல் பாதி 30 ஆம்ப்-அவர். அது 72 மணி நேரத்தில் காலியாகிறது என்றால் சராசரியாக 0.42 ஆம்ப், அதாவது 420 மில்லி ஆம்ப் கசிகிறது. 12 வோல்ட்டில் எரியும் 5 வாட் பல்பு ஒன்று எடுப்பதும் இதே அளவுதான்.

ஆனால் 7 கிலோமீட்டர் ஓட்டத்தில் பேட்டரி முழுதாக ஏறாது. நிறுத்தும்போதே 45 ஆம்ப்-அவர்தான் இருந்தது என்றால், கசிவு 200 மில்லி ஆம்ப் இருந்தாலே மூன்றாம் நாள் படுத்துவிடும். ஆக, தேட வேண்டியது 200-க்கும் 400-க்கும் நடுவில் ஏதோ ஒன்று. நல்ல நிலையில் உள்ள கார், பூட்டி நிறுத்தியபின் 50 மில்லி ஆம்ப்புக்குள்தான் எடுக்கும்; அது நாளுக்கு 1.2 ஆம்ப்-அவர். கடிகாரம், ரிமோட் லாக், அலாரம் எல்லாம் அதற்குள் அடக்கம். அவற்றைச் சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

முதலில் பேட்டரியையும் வண்டியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சார்ஜரில் 5, 6 ஆம்ப்பில் ஓர் இரவு முழுக்க ஏற்றுங்கள். சார்ஜரை எடுத்தவுடன் மீட்டர் வைத்தால் 13 வோல்ட்கூடக் காட்டும். அதை நம்பக் கூடாது. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, ஏழெட்டு மணி நேரம் சும்மா விட்டுப் பார்த்தால் 12.6 நிற்க வேண்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ், 12.2 பாதி, 12.0 கால். இனி நெகட்டிவை மாட்டாமலே வைத்து, மூன்று நாள் கழித்து மறுபடி அளங்கள். 12.5-க்குக் குறையாமல் நின்றால் பேட்டரி மேல் குற்றமில்லை, வண்டிதான் குடிக்கிறது. வயரே இல்லாமல் 12.2-க்கு இறங்கிவிட்டால் ரசீதோடு கடைக்குப் போய் வாரண்டி கேளுங்கள். பலமுறை முழுசாக இறங்கிய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்துவிடும். புதுப் பேட்டரிக்கும் இது நடக்கும். பேட்டரியின் மேல்மூடி ஈரமும் அழுக்குமாக இருந்தால் அதன் வழியாகவும் கொஞ்சம் கசியும், துணியால் துடைத்துவிடுங்கள்.

ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறதா என்பதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏசி போட்டாலும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது.

வண்டிதான் குடிக்கிறது என்று தெரிந்தபின் கரண்டை அளக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. நம் பக்கம் கிணத்து மோட்டாருக்கு வைத்திருக்கும் டாங் டெஸ்டர் (வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் மீட்டர்) பெரும்பாலும் ஏசி கரண்டை மட்டுமே காட்டும். அதைக் கார் வயரில் மாட்டினால் பூஜ்யம் வரும், கசிவே இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். டிசி ஆம்ப் அளக்கும் டாங் டெஸ்டர் வேண்டும். இல்லாவிட்டால் 10 ஆம்ப் துளையுள்ள சாதாரண மல்டிமீட்டர் போதும்.

அளக்கும் முறை இது. பானெட்டைத் திறந்து வைத்து, டிரைவர் கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, கதவு மூடியது போலக் காட்டுங்கள். (வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து அதை விடுவிக்காமல் கதவை அறைந்தால் பூட்டு உடையும்.) பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் அதன் வயரின் கிளாம்ப்பையும் ஒரு கிளிப் வயரால் இணைத்துவிட்டு, அதற்குப் பிறகே கிளாம்ப்பைத் தூக்குங்கள். மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவிலும் மறுமுனையைக் கிளாம்ப்பிலும் மாட்டுங்கள். காரைப் பூட்டிவிட்டு, சாவியை வீட்டுக்குள் தூரமாகக் கொண்டுபோய் வையுங்கள். கீலெஸ் சாவி பக்கத்தில் இருந்தாலே சில வண்டிகள் தூங்காது.

பிறகு காத்திருங்கள். பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். பூட்டியவுடன் எந்தக் காரும் பல ஆம்ப் எடுக்கும். உள்ளே இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டுகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக 20 முதல் 40 நிமிடம் ஆகும். 40 நிமிடம் கழித்துக் கிளிப் வயரை எடுத்தால், மொத்தக் கரண்டும் மீட்டர் வழியாகப் போகும். அந்த எண்தான் உங்கள் கசிவு. கிளிப் வயர் எதற்கு என்றால், இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் எல்லா யூனிட்டும் ரீசெட் ஆகிவிடும். தூங்காமல் அடம்பிடித்த யூனிட் அப்போது ஒழுங்காகத் தூங்கி, உங்களை ஏமாற்றிவிடும். மீட்டர் மட்டும் இருக்கும்போது சாவி போடக் கூடாது, செல்ஃப் அடிக்கவே கூடாது. மீட்டர் ஃபியூஸ் போய்விடும்.

காட்டுவது 50-க்கு மேல் என்றால், எந்த ஃபியூஸ் வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய முறை. அதில் யூனிட்டுகள் விழித்துக்கொள்ளும் தொல்லை உண்டு. கிளிப் வயரை மறுபடி மாட்டிய பிறகு மீட்டரை எடுத்து, ஃபியூஸைக் கழற்றாமலே அதன் தலையில் தெரியும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். கரண்ட் ஓடாத ஃபியூஸில் பூஜ்யம். ஓடினால் கொஞ்சம் வோல்ட் தெரியும். 10 ஆம்ப் மினி ஃபியூஸில் 400 மில்லி ஆம்ப் ஓடினால் ஏறக்குறைய 3 மில்லிவோல்ட், 15 ஆம்ப் ஃபியூஸில் 2 மில்லிவோல்ட். டேஷ்போர்டின் கீழே ஒரு பெட்டி, பானெட்டுக்குள் இன்னொன்று, இரண்டையும் பாருங்கள்.

உங்கள் வண்டியில் எங்கள் முதல் சந்தேகம் ஸ்டீரியோ மேல்தான். ஸ்டீரியோவுக்கு மஞ்சள் வயர் எப்போதும் வரும் கரண்ட், சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் வரும் கரண்ட். மாட்டுகிறவர் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக முறுக்கி விடுவதுண்டு. சாவி இல்லாமலே பாட்டுக் கேட்கலாம் என்று நமக்கும் அது வசதியாகத் தெரியும். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவாக இருந்தால் திரை அணைந்திருந்தாலும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். சாவியை எடுத்தபின் சிவப்பு வயரில் 12 வோல்ட் இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் வயரிங் தப்பு. சரியாக இருந்தும் கசிந்தால் செட்டிங்கில் ஸ்டாண்ட்பை நேரத்தைக் குறையுங்கள். டேஷ்கேமில் பார்க்கிங் மோட் (நிறுத்தியபின்னும் பதிவு செய்வது) இருந்தால் அதுவே 200, 300 மில்லி ஆம்ப் எடுக்கக்கூடும்; அது தானாக அணையும் கட்-ஆஃப் வோல்ட்டை 12.2-க்குக் கீழே வைக்காதீர்கள். ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் இடம்) செருகிய ஜிபிஎஸ் ஏதாவது இருந்தால் கழற்றிவிட்டு அளங்கள்.

அடுத்தது டிக்கி விளக்கு. டிக்கி மூடினால் அணைகிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. ஃபோனில் வீடியோவை ஓட விட்டு உள்ளே வைத்து மூடிப் பாருங்கள். இரண்டு மணி நேரம் கழித்து விளக்கைத் தொட்டால் சுட்டாலும் அது அணையவில்லை என்று அர்த்தம். க்ளோவ் பாக்ஸ் விளக்குக்கும் இப்படித்தான்.

தோட்டத்தில் நிற்கும் வண்டி என்பதால் எலியையும் விட்டுவிட முடியாது. தென்னை மட்டை, மாட்டுத் தீவனம் பக்கத்தில் நிறுத்தினால் ராத்திரி பானெட்டுக்குள் சூடு தேடி வந்து உட்காரும். பாசிட்டிவ் வயரைக் கடித்துப் பாடியில் பட்டால் ஃபியூஸ் போய்விடும், உடனே தெரியும். ஆனால் பல வண்டிகளில் கதவு சுவிட்ச் வயர் பாடியைத் தொட்டால் "கதவு திறந்திருக்கிறது" என்று அர்த்தம். அந்த வயரில் ரப்பர் போனால் ஃபியூஸும் போகாது, விளக்கும் சில நிமிடத்தில் அணைந்துவிடும். யூனிட் மட்டும் தூங்காமல் கிடக்கும். மழை ஈரத்தில் மட்டும் இறங்கி, வெயிலில் சரியாகிவிடுகிறது என்றால் இதைத்தான் முதலில் தேட வேண்டும்.

எல்லா ஃபியூஸும் பூஜ்யம் காட்டி, மொத்தக் கசிவு மட்டும் அப்படியே இருந்தால் சந்தேகம் ஆல்டர்னேட்டர் டயோடு மேல்தான் (கரண்டை ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய பாகம் அது). அதன் தடித்த வயர் பேட்டரிக்கு நேராகப் போகிறது. சின்ன ஃபியூஸ்களில் அது தெரியாது. சார்ஜ் 14 வோல்ட் சரியாகவே காட்டும், நின்றபின் டயோடு வழியாகத் திரும்பி இறங்கும். நெகட்டிவைக் கழற்றிவிட்டு அந்தத் தடித்த வயரைப் பிரித்து, நுனியில் டேப் சுற்றி, மறுபடி அளங்கள். கசிவு நின்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். நெகட்டிவைக் கழற்றாமல் அந்த நட்டில் ஸ்பேனர் வைத்தால் தீப்பொறிதான்.

இவ்வளவையும் நீங்களே செய்ய முடியாவிட்டால் திருப்பூரிலோ ஈரோட்டிலோ ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் விடுங்கள். "பேட்டரி இறங்குதுங்க" என்று மட்டும் சொன்னால் பேட்டரியைத்தான் பார்ப்பார். "பூட்டி முக்கால் மணி நேரம் கழிச்சு எத்தனை மில்லி ஆம்ப் எடுக்குதுன்னு அளந்து சொல்லுங்கண்ணா" என்று கேளுங்கள். காலைக் கூட்டத்தில் அதற்கு நேரம் இருக்காது. மத்தியானம் வண்டியை விட்டுவிட்டு வாருங்கள். சரிசெய்தபின்னும் இதே எண்ணை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்: 50-க்குள் வந்தால்தான் கூலி கொடுக்கலாம்.