பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி: அதிகமா? அந்தப் பணம் எங்கேதான் போகிறது?

கேள்வி: 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய், கல்விக்கு 1.28 லட்சம் கோடி மட்டும். ராணுவத்துக்கு இவ்வளவு தேவையா? அதில் கொஞ்சம் வெட்டிக் கல்விக்குக் கொடுத்தால் என்ன?

பதில்:

முதலில் அந்த ஒப்பீடே சரியில்லை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பெரும்பாலும் மாநில அரசுகளின் செலவில் நடப்பவை. ராணுவம் முழுக்க முழுக்க மத்திய அரசின் செலவு. அதனால் மத்திய பட்ஜெட்டை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் கல்வி எப்போதும் ஏழையாகத்தான் தெரியும். அதே பட்ஜெட்டில் பழைய கடனுக்கு வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. பாதுகாப்புச் செலவைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதைப் பற்றி இந்தத் தளத்தில் ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை!

சரி, கேள்விக்கு வருகிறேன். தொகை அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. சிக்கல், அந்தத் தொகைக்குள் என்ன இருக்கிறது என்பதில்.

எங்கள் ஊர் வேலூர் பக்கம். தெருவுக்கு நாலு வீட்டில் மில்ட்ரிக்காரர் இருப்பார்கள். என் அப்பாவும் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘ராணுவத்துக்கு வாரி வழங்கிய பட்ஜெட்’ என்று டிவியில் வரும்போதெல்லாம் சிரிப்பார். “அதுல நாலுல ஒரு பங்கு எங்க பென்ஷன்டா” என்பார். கணக்கு சரிதான். 6.81 லட்சம் கோடியில் ஓய்வூதியம் மட்டும் சுமார் 1.61 லட்சம் கோடி. வாங்குபவர்கள் 34 லட்சம் பேருக்கு மேல். இப்போது படையில் இருப்பவர்களின் சம்பளமும் படிகளும் இன்னொரு 1.97 லட்சம் கோடி. ஆக, பாதிக்கும் மேல் ஆட்களுக்கே போய்விடுகிறது.

இதில் ஊழல் ஒன்றும் இல்லை. சிப்பாய் வேலையின் தன்மையே அப்படி. மலை ஏற, பனியில் நிற்க இளரத்தம் வேண்டும் என்பதால் முப்பத்தைந்து, நாற்பத்தைந்து வயதுக்குள் பெரும்பாலான ஜவான்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு அந்த மனிதர் இன்னும் முப்பது நாற்பது வருஷம் இருப்பார். அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். என் அப்பா படையில் இருந்த வருஷத்தைவிட பென்ஷன் வாங்கிய வருஷம் அதிகமாகிவிட்டது. ஒவ்வொரு நவம்பரிலும் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு, ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஏற்றுவதற்கான உயிர்வாழ் சான்று கொடுக்கப் போவார். ரேகை தேய்ந்த கட்டைவிரலை மெஷின் ஏற்காது. ஈரத்துணியில் துடைத்து, மறுபடி வைத்து, அப்புறம் கண்ணைக் காட்டி ஒருவழியாக முடியும். 2014 ஜூலையிலிருந்து கணக்கிட்டு ‘ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்’ (எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே பதவிக்கும் ஒரே சேவைக் காலத்துக்கும் ஒரே பென்ஷன்) வந்ததில் அவர் கைக்கு வருவது கூடியது. அதற்காக முன்னாள் ராணுவத்தினர் நடத்திய போராட்டம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த நியாயத்துக்கான பணமும் இதே 6.81 லட்சம் கோடியில் இருந்துதான் வருகிறது.

இந்தச் சுமையைக் குறைக்கத்தான் 2022-ல் அக்னிபத் என்ற புதிய ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தது. நாலு வருஷ வேலை. முடிவில் கையில் 11.71 லட்சம் ரூபாய், பென்ஷன் கிடையாது. அதிகபட்சம் 25 சதவீதம் பேர் மட்டும் படையில் தொடரலாம். பட்ஜெட் காகிதத்தில் புத்திசாலித்தனமான திட்டம்தான். எங்கள் ஊரில் கேட்ட முதல் கேள்வி, “நாலு வருஷ வேலைக்கு எவன் பொண்ணு கொடுப்பான்?” அரசின் செலவு குறைகிறது என்றால் அது காற்றில் கரைவதில்லை. அந்தப் பையனின் தலையில் இறங்குகிறது. அதைச் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம்.

ஆயுதம் வாங்க என்ன மிச்சம்? மூலதனச் செலவு என்று 1.8 லட்சம் கோடி இருக்கிறது. மொத்தத்தில் கால் பங்கைவிடச் சற்றுக் கூடுதல். அதுவும் முழுசாகப் புதிதாக வாங்குவதற்கு அல்ல. சம்பளம் வந்ததும் முதலில் இ.எம்.ஐ. பிடித்துக்கொள்வதுபோல, ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டு வாங்கிய விமானத்துக்கும் கப்பலுக்கும் தவணை முதலில் போகும். 2018-ல் ராணுவத் துணைத் தளபதியாக இருந்த சரத் சந்த் நாடாளுமன்ற நிலைக்குழு முன்னால் இதைப் போட்டு உடைத்தார். அந்த ஆண்டு நவீனமயமாக்கலுக்குத் தரைப்படைக்குக் கிடைத்தது 21,338 கோடி. கட்ட வேண்டிய பழைய தவணையே 29,033 கோடி. தரைப்படைத் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை என்றும் சொன்னார். சீருடையில் இருப்பவர்கள் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது அபூர்வம்.

அதற்கு முந்தைய ஆண்டு, அரசுக் கணக்குகளைச் சரிபார்க்கும் தலைமைத் தணிக்கை அதிகாரியின் (சி.ஏ.ஜி.) அறிக்கை இன்னும் மோசம். கடும் போர் வந்தால் 40 நாளைக்குத் தாங்கும் அளவு வெடிபொருள் இருப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. 2016 செப்டம்பர் நிலவரப்படி 152 வகைகளில் 61 வகை பத்து நாளைக்குக்கூடக் காணாது. குண்டு பளபளப்பான பொருள் அல்ல. குடியரசு தின அணிவகுப்பில் அதைக் காட்ட முடியாது, வாங்கினால் தலைப்புச் செய்தியும் வராது. அதனால்தான் அது கடைசி வரிசைக்குப் போனது என்பது என் ஊகம். பிறகு அவசரக் கொள்முதல் அதிகாரம் கொடுத்து ஓரளவு சரிசெய்தார்கள்.

“அமெரிக்காவைப் பார், சீனாவைப் பார்” என்று சிலர் வருவார்கள். பார்க்கலாம். உலக நாடுகளின் ராணுவச் செலவைக் கணக்கிடும், ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி நிறுவனத்தின் கணக்கில் 2024-ல் அமெரிக்கா 997 பில்லியன் டாலர், சீனா சுமார் 314, நாம் 86. உலகில் ஐந்தாம் இடம். சீனாவோடு தொகைக்குத் தொகை போட்டி போட நம்மால் முடியாது, முடியவும் வேண்டாம். இருக்கும் ரூபாயை எதில் போடுகிறோம் என்பதுதான் நம் கையில் இருப்பது.

கேள்வி கேட்டவர் தொடாத பக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. உங்களையும் என்னையும் தினசரி காக்கிற எதுவும் இந்த 6.81 லட்சம் கோடியில் இல்லை. எல்லையில் நிற்கும் பி.எஸ்.எஃப். கூட உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. அந்த அமைச்சகத்துக்கு 2.33 லட்சம் கோடி. அதில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையான சி.ஆர்.பி.எஃப்.-க்குச் சுமார் 35,000 கோடி, பி.எஸ்.எஃப்.-க்குச் சுமார் 28,000 கோடி. 2004-க்குப் பிறகு அவற்றில் சேர்ந்தவர்களுக்கு ராணுவத்தைப் போன்ற பழைய பென்ஷனும் இல்லை. சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்புத் திட்டம்தான். அதே பனி, அதே தோட்டா, பென்ஷன் மட்டும் வேறு. இதை எந்தக் கட்சியும் உரக்கப் பேசுவதில்லை.

உள்ளூர் போலீஸ் மாநிலப் பட்டியலில் வருகிறது. நாடு முழுவதும் எடுத்தால், லட்சம் பேருக்கு அனுமதிக்கப்பட்ட காவலர்கள் 200-ஐ ஒட்டி. உண்மையில் இருப்பவர்கள் 150-ஐ ஒட்டி. காவல் துறைச் செலவில் பயிற்சிக்குப் போவது ஒன்றேகால் சதவீதம் அளவில்தான் என்கிறது மாநிலங்களின் போலீஸ், நீதித்துறை நிலையை ஒப்பிடும் 2025-ன் இந்தியா ஜஸ்டிஸ் ரிப்போர்ட். நம் ஊர்களில் சாலைத் தடுப்பைக் கவனித்திருப்பீர்கள். நகைக்கடை விளம்பரமோ ஜவுளிக்கடை விளம்பரமோ இல்லாத தடுப்பு அபூர்வம். தெருவில் இருக்கும் கேமரா பல இடங்களில் வியாபாரிகள் சங்கம் வாங்கிக் கொடுத்தது. பீரங்கியில் யாரும் ‘உபயம்’ என்று எழுதுவதில்லை. ஒரு கடைக்காரர் காசில் தடுப்பு வைத்த ஸ்டேஷன், அதே கடைக்காரர் மேல் புகார் வந்தால் எப்படி நடந்துகொள்ளும்? நான் பெயர் எதுவும் சொல்லவில்லை, பொதுவாகக் கேட்கிறேன்.

பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் கொடுமைக்குப் பிறகு 2013-ல் பெண்கள் பாதுகாப்புக்காக 1,000 கோடியோடு நிர்பயா நிதி தொடங்கினார்கள். முதல் சில ஆண்டுகள் அதில் பெரும்பகுதி தொடப்படாமலே கிடந்தது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரக் காவலுக்குப் படகுகள் வாங்கினார்கள். ஓட்ட ஆளில்லாமலும் டீசலுக்குப் பணமில்லாமலும் அவை சும்மா நின்றதைச் சில மாநிலங்களின் தணிக்கை அறிக்கைகளில் பார்க்கலாம். படகு வாங்க மத்திய அரசு பணம் தரும். ஓட்டுகிற ஆளுக்குச் சம்பளம் மாநிலம் தர வேண்டும். மாநிலக் கஜானா காலி. அவ்வளவுதான் கதை. தீயணைப்புத் துறைக்கு 2023-ல் 5,000 கோடி ரூபாயில் ஒரு நவீனமயமாக்கல் திட்டம் தொடங்கினார்கள். வண்டி வாங்குவார்கள். ஆட்களை எடுப்பார்களா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆகவே என் பதில்: ராணுவத்தில் வெட்ட வேண்டாம். வெட்டப்போனால் பென்ஷனிலும் சம்பளத்திலும் கை வைக்க முடியாது. கத்தி நேராகக் குண்டு, உதிரிபாகம், பயிற்சி மேல்தான் விழும். ஆனால் புதிதாக ஒரு ரூபாய் கிடைத்தால் அதை நான் ஸ்டேஷனில் போடுவேன்: ஆள், பயிற்சி, வண்டிக்கு டீசல், எழுத ஒரு ஒழுங்கான கம்ப்யூட்டர்.

நீங்களே பார்க்க விரும்பினால், மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறையின் ‘மூலதனச் செலவு’ என்ற வரியை மட்டும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு எடுத்து விலைவாசி உயர்வோடு ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டுக்கு, காவல் துறை மானியக் கோரிக்கை எண் 22-க்கான கொள்கை விளக்கக் குறிப்பு ஒவ்வொரு வருஷமும் இணையத்தில் தமிழிலேயே கிடைக்கிறது. முன்பக்கப் படங்களைத் தாண்டிப் போய், சம்பளம் போக மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்.