எமரால்டு நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

நீலகிரி குந்தாவில் அமெரிக்கக் கம்பெனி அணு உலையோடு டேட்டா சென்டர் கட்டப்போகிறது, எமரால்டு பக்கம் இப்போதே தேயிலை நிலம் பிடித்தால் விலை மூன்று மடங்காகும் என்று புரோக்கர் செய்தியெல்லாம் காட்டினார், அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள்.

செய்தி நிஜம்தான், ஊர்தான் வேறு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2019-இல் மூடிய திரீ மைல் ஐலேண்டு அணுமின் நிலையத்தின் முதல் உலையை மறுபடி ஓட்டி அந்த 835 மெகாவாட்டையும் தன் டேட்டா சென்டர்களுக்காக வாங்க மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அடுத்த மாதமே கூகுள், கைரோஸ் பவர் என்ற அணு உலைக் கம்பெனியோடு சிறு உலைகளுக்குக் கையெழுத்திட்டது, அதிலும் முதல் உலை 2030 வாக்கில்தான்.

குந்தாவில் நடப்பது 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அவலாஞ்சி-எமரால்டு தண்ணீரைப் போர்த்திமந்து அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு டர்பைனைச் சுழற்றுவார்கள், அவ்வளவுதான். அந்தச் சுரங்க வேலையைக் காட்டித்தான் கதை கட்டுகிறார்கள் போல.

நம் மாநிலத்தில் அணு உலை கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும்தான், இரண்டுமே கடலோரம், உலையைக் குளிர்விக்க அவ்வளவு தண்ணீர் வேண்டும். டேட்டா சென்டர்கள் சென்னையை மொய்ப்பதற்கு ஒரு காரணம் கடலடி கேபிள் அங்கே கரையேறுவது. மண் சரியும் மலையில், வீடு கட்டவே ஆயிரம் அனுமதி கேட்கும் ஊரில், உலையா?

தேயிலைக்காகவே நிலம் வேண்டுமென்றால் சரி, வில்லங்கமும் பட்டாவும் பார்த்து, தேயிலை நிலத்துக்கான விலை மட்டும் பேசுங்கள். புரோக்கரிடம் அரசாணை எண் கேட்டுப் பாருங்கள், அப்புறம் போனே எடுக்க மாட்டார்.